நவமணியின் மஞ்சள் சீட்டு

தப்பு என்னுடையது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொன்னால் நியாயம் கற்பிக்க ஆரம்பித்துவிடுவேன், அதில் நான் கெட்டிக்காரன்.

என் பெயர் சூசை. இருபத்தெட்டு வருடம் பினாங்குத் தீவில், படகுத் துறையான ஜெட்டிக்கும் ஆயர் ஈத்தாமுக்கும் இடையே பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன். ‘உள்ள போங்க, உள்ள போங்க’ என்று கத்திக் கத்தி வளர்ந்த குரல். மைக் கெட்டுப்போனாலும் கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கும் என்பதால், எங்கள் கோயிலில் ஞாயிறு தமிழ்ப் பூசைக்கு முன்னால் பெயர் வாசிக்கும் வேலையை என் தலையில் கட்டினார்கள். பதினோரு வருடமாக வாசிக்கிறேன்.

கோயில் வாசல் மேசையில் இரண்டு கலரில் சீட்டுகள் இருக்கும். ஊதா, இறந்தவர்களுக்கு. மஞ்சள், உயிரோடு இருப்பவர்களுக்கு. பரீட்சை, ஆப்பரேஷன், வேலை, பிறந்தநாள் எல்லாம் அதில் வரும். பெயரை எழுதிப் பெட்டியில் போட்டால் நான் படிப்பேன். முதலில் ஊதா. ஒரு பெயரைப் படித்ததும் அந்த வீட்டார் இருந்த இடத்திலேயே எழுந்து நிற்பார்கள், அடுத்த வீட்டுப் பெயர் வரும்போது உட்காருவார்கள். மஞ்சளுக்கு யாரும் எழுந்திருக்க வேண்டியதில்லை. இந்த வழக்கத்தை யார் கொண்டுவந்தார்கள் என்று தெரியவில்லை. புதிதாக வரும் ஒவ்வொரு ஃபாதரும் நேரமாகிறது என்று சொல்லி நிறுத்தப் பார்ப்பார், ஆறு மாதத்தில் விட்டுவிடுவார்.

சீட்டுகளை நகலெடுத்து வைப்பதும் நான்தான். போன ஜூன் மாதம் ஒரு ஞாயிறு மஞ்சள் தீர்ந்துபோயிருந்தது. சனிக்கிழமையே கடைக்குப் போயிருக்க வேண்டும். வீட்டில் காலை நீட்டிப் பந்தாட்டம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று நவமணி வந்து பார்த்திருக்கிறாள். மஞ்சள் இல்லை. இரண்டு ஊதாவை எடுத்து, ஒன்றில் கணவன் பெயரை எழுதினாள். இன்னொன்றில் மகன் பெயரை எழுதி, மூலையில் பொடி எழுத்தில் ‘இது மஞ்சள்’ என்று குறித்துப் பெட்டியில் போட்டாள். என் கண்ணாடி சட்டைப் பையில் இருந்தது, மூக்கில் இல்லை.

“சவரிநாதன்” என்று படித்தேன். நவமணி எழுந்து நின்றாள்.

“ஆல்வின் சவரிநாதன்” என்று படித்தேன்.

அவள் உட்கார்ந்தாள்.

கைப்பையை மடியில் வைத்து, நேராக என்னைப் பார்த்தாள். ஆல்வின் செத்தான் என்று யாருக்கும் தெரியாது, இருக்கிறான் என்றும் யாருக்கும் தெரியாது. எனக்கும் இது நன்றாகத் தெரியும், அதுதான் கேவலம். நிறுத்திச் சொல்லியிருக்கலாம், தப்பாகப் படித்துவிட்டேன் என்று. நான் என்ன செய்தேன்? நிறுத்தத்தில் ஆள் நிற்பதைப் பார்த்தும் நிறுத்தாமல் போகும் பஸ் மாதிரி அடுத்த பெயருக்குப் போய்விட்டேன்.

நவமணியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சுங்கை பினாங்கிலேயே பிறந்து, அங்கேயே அடுக்குமாடி வீட்டில் இருப்பவள். வயது ஐம்பத்தொன்பது. பதினைந்து வயதில் மூன்றாம் படிவம் முடித்ததும் பாயான் லெப்பாஸ் ஃபேக்டரிக்குப் போனாள். இருபத்து நான்கு வருடம் மைக்ரோஸ்கோப்பில் குனிந்து, நகத்தளவு கம்ப்யூட்டர் சில்லுகளில் பிழை கண்டுபிடிப்பது வேலை. கண் மங்கியதும் ஃபேக்டரி கையைக் குலுக்கி அனுப்பிவிட்டது. இப்போது லிட்டில் இந்தியாவில் ஒரு சேலைக் கடையின் பின்கட்டில் சேலைகளுக்கு ஃபால்ஸ் தைக்கிறாள். கண் மங்கியவளுக்கு ஊசி வேலைதான் கிடைத்தது. கேட்டால் “விரலுக்குத் தெரியும்லா அண்ணே” என்பாள்.

கல்யாணமாகி ஏழு வருடம் கழித்துப் பிறந்தவன் ஆல்வின். அவனை நல்ல பிள்ளை என்று சொல்லி இந்தக் கதைக்குச் சீனி போட மாட்டேன். பாடகர் குழுவில் பாடினான், வாஸ்தவம். இருபது வயதில் கையில் ஒரு தடித்த மோதிரம் ஏறியது, கூட்டாளிகள் மாறினார்கள், நடை மாறியது. அந்த மோதிரம் என்றால் அடிதடிக் கும்பல் என்று எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சவரிநாதன் லோரி ஓட்டுபவன், பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டான். நவமணி திட்டினாள், அழுதாள், கோயிலுக்கு இழுத்து வந்தாள். அவன் பின் பெஞ்சில் உட்கார்ந்து போனைப் பார்த்தான்.

இரண்டாயிரத்துப் பதினேழு, ஜனவரி. ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்னால் வண்டிகள் நிறுத்துமிடம். சாயங்காலம் ஆறரை மணி, இன்னும் வெளிச்சம் இருந்தது. ஆல்வினும் பக்கத்து வீட்டுக் கோகிலனும் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு கார் வந்தது, ஐந்து பேர் பாராங் கத்தியோடு இறங்கினார்கள். கோகிலன் அங்கேயே விழுந்தான். ஆல்வின் இடது தோளைப் பிடித்துக்கொண்டு ஆற்றுப் பக்கம் ஓடியதைப் பார்த்தவர்கள் உண்டு. அவனுடைய மோட்டோர் சைக்கிள் சாவியோடு அப்படியே நின்றது. அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவனைப் பற்றி எதுவுமே இல்லை.

போலீஸ் ஆற்றில் தேடியது. ஒருவர் எல்லை தாண்டி ஹாட்யாயில் தாடியோடு பார்த்தேன் என்றார். இன்னொருவர் கடலில் போட்டுவிட்டார்கள் என்று அடித்துச் சொன்னார். இரண்டு பேரும் நவமணி வீட்டில் தேநீர் குடித்துவிட்டுத்தான் இதைச் சொன்னார்கள். அந்த வருடம் முழுக்க அவள் கோயில் பக்கமே வரவில்லை. அடுத்த மார்ச்சில் சவரிநாதன் தூக்கத்திலேயே போய்விட்டான். அடக்கம் முடிந்து அடுத்த ஞாயிறு வந்தாள். ஒரு ஊதா, ஒரு மஞ்சள். அன்றிலிருந்து ஏழு வருடம், ஒரு வாரம் தவறவில்லை.

ஜூன் மாதத் தப்பு நடந்த மறுநாள் அவள் வீட்டுக்குப் போனேன். லிப்ட் வேலை செய்யவில்லை. ஆறு மாடி ஏறி, மூச்சு வாங்கக் கதவைத் தட்டினேன். தட்டிய மாத்திரத்தில் கதவு திறந்தது. ஓடி வந்திருக்கிறாள். என்னைப் பார்த்ததும் அந்த முகம் ஒரு நொடி இறங்கியதே, அதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

“மன்னிப்பு கேக்க வந்தீங்களா, தே குடிக்க வந்தீங்களா?” என்றாள்.

“ரெண்டுக்கும்தான்.”

தே கலக்கிக் கொடுத்தாள். பிறகு எதிரில் உட்கார்ந்து சொன்னாள். “அண்ணே, அவன் பேர இப்ப யாருமே சொல்றதில்ல. சொந்தக்காரங்க வந்தா ‘அந்த விஷயம்’னு சொல்வாங்க. பாலாய்ல கேஸ் நம்பர் சொல்வாங்க. வாரத்துக்கு ஒரு தடவ, ஒரே ஒரு எடத்துல, ஒரு ஆளு சத்தமா ஆல்வின்னு சொல்வாரு. அது நீங்கதான். அந்த ஒரு எடத்துலயும் அவன சாகடிச்சிட்டீங்களே.”

போலீஸ் நிலையத்தைத்தான் எங்கள் ஊரில் பாலாய் என்போம். நான் தே கோப்பையைக் கையிலேயே வைத்திருந்தேன். தே ஆறிப்போனது.

அப்போது திறந்திருந்த கதவு வழியாகப் பக்கத்து வீட்டுத் தனலெட்சுமி எட்டிப் பார்த்தாள். கோகிலனின் அம்மா. மாரியம்மன் கோயில் திருநீறு நெற்றியில் அப்படியே இருந்தது. ஒரே சாயங்காலத்தில் கத்திக்கு முன்னால் நின்ற இரண்டு பிள்ளைகளைப் பெற்ற இரண்டு பேரும் எட்டு வருடமாக ஒரே வராந்தாவில் துணி காயப்போடுகிறார்கள்.

“ஒனக்கு நாள் இருக்கு தனம்,” என்றாள் நவமணி, ஏதோ பழைய பேச்சைத் தொடர்வதைப் போல. “திதி குடுக்கிற. சாம்பலக் கடல்ல கரைச்ச எடம் தெரியும். எனக்கு அழறதுக்கு ஒரு தேதி கூட இல்ல.”

“ஒனக்குக் கதவு இருக்குலா,” என்றாள் தனலெட்சுமி. “யாரு தட்டுனாலும் ஓடுற. எனக்கு யாரு தட்டுனாலும் ஒண்ணுதான்.”

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துப் பொறாமைப்பட்டார்கள். உலகத்தில் இப்படியும் ஒரு பொறாமை இருக்கிறது என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அன்று மாலையே இருநூறு மஞ்சள் சீட்டு நகலெடுத்தேன். குற்றவுணர்ச்சியில் கடைக்குப் போனால் கணக்கு அப்படித்தான் இருக்கும்.

ஆகஸ்டில் நவமணி போன் செய்தாள். என் காரைக் கேட்டாள்.

“அண்ணே, ஓங்க கெரேத்தா ஓடுதா? அக்கரைக்குப் போவணும். பாலாய்லேர்ந்து கூப்புட்டாங்க.”

கடலுக்கு அப்பால் பெருநிலத்தில் ஒரு சதுப்புக் காட்டு ஓரம், இறால் குளம் வெட்டும்போது எலும்புகள் கிடைத்திருக்கின்றன. ஆண், இருபதிலிருந்து முப்பது வயதுக்குள். மண்ணில் பல வருடம் இருந்திருக்கின்றன. இடது தோள் எலும்பில் வெட்டு. காணாமல் போனவர்கள் பட்டியலைப் பார்த்து நவமணியை அழைத்திருந்தார்கள், ஒத்துப்பார்க்க அவள் எச்சில் வேண்டுமாம்.

பாலத்தில் நெரிசல். மோட்டோர்கள் எங்கள் காரை உரசிக்கொண்டு போயின. நவமணி கண்ணாடியை இறக்கி ஹெல்மெட்டுக்குள் இருக்கும் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். எலும்பை அடையாளம் காட்டப் போகும் வழியில் உயிருள்ள முகத்தைத் தேடினாள்.

“இப்ப முப்பத்திரெண்டு ஆவுது அவனுக்கு,” என்றாள். “அவங்கப்பாவுக்கு முப்பதுலயே முன்னாடி முடி ஏறிடுச்சு. இவனுக்கும் ஏறியிருக்கும். பஸ்ல வழுக்கையாப் பாத்தா நான் பேரக் கேட்டுர்றேன் அண்ணே. திட்டுறாங்க.”

சிரித்தோம்.

இன்ஸ்பெக்டர் சலேஹா என்ற பெண்மணி நல்ல மாதிரி. நவமணியின் கன்னத்துக்குள் பஞ்சுக் குச்சியை வைத்து எடுத்து, உறையில் போட்டு ஒட்டினார். “சபார், மாக்சிக்” என்று கையைத் தட்டிக் கொடுத்தார். பொறுமையாக இருங்கள் அம்மா என்கிறார். எட்டு வருடம் பொறுத்தவளிடம் வேறு என்ன சொல்வது, அவருக்கும் தெரியவில்லை.

அதற்கடுத்த ஞாயிறு பெட்டியில் சவரிநாதனின் ஊதா மட்டும் இருந்தது. மஞ்சள் இல்லை. அடுத்த வாரமும் இல்லை. என் இருநூறு சீட்டுக் கட்டு அப்படியே கிடந்தது. ஆல்வின் பெயர் இல்லாமல் படித்து முடிப்பது எனக்கே பழக்கமில்லாமல் இருந்தது. ஒவ்வொரு வாரமும் கட்டை இரண்டு தடவை புரட்டிப் பார்த்தேன்.

ஆறாவது வாரம் பொறுக்க முடியாமல் சேலைக் கடைக்கே போனேன். தீபாவளி நெருங்கும் நேரம். மார்க்கெட் ஸ்திரீட்டில் கடைக்குக் கடை பாட்டு அலறியது. பின்கட்டில் நவமணி ஒரு அரக்குப் பட்டுச் சேலையை மடியில் போட்டு ஃபால்ஸ் தைத்துக்கொண்டிருந்தாள்.

“ஏன் மஞ்சள் போடல?”

“எந்தக் கலர்ல எழுதச் சொல்றீங்க?” ஊசி நிற்கவில்லை. “மஞ்சள்ல எழுதுனா, அந்தக் காட்டுல கெடக்கிறது அவனா இருந்தா, அவன ஏமாத்துறேன். ஊதாவுல எழுதுனா நானே குழி வெட்டுறேன்.”

அவள் குனிந்தபடியே பேசினாள். “நேத்து ஒண்ணு வேண்டிக்கிட்டேன் அண்ணே. அது அவனா இருக்கட்டும்னு வேண்டிக்கிட்டேன். போதும், தெரிஞ்சா போதும், ஒரு குழி, ஒரு சிலுவ, நான் போயி உக்கார ஒரு எடம். பெத்தவ வேண்டுற வேண்டுதலா இது?”

நான் ஃபாதர் இல்லை, பஸ் ஓட்டினவன். வாயில் வந்ததைச் சொன்னேன். “ஆண்டவருக்கு ஓம் மனசு தெரியும்லா நவமணி.”

“தெரிஞ்சா சொல்லித் தொலைக்க வேண்டியதுதான? எதுக்கு இத்தன வருஷம்?” கண் நிறைந்துவிட்டது. சேலையில் விழக் கூடாதென்று தலையைத் திருப்பிக்கொண்டாள்.

“அவரு மேல அவ்ளோ கோவமா?”

“கோவந்தான். கோவப்பட அவர விட்டா எனக்கு யாரு இருக்கா? எங்க வீட்டுக்காரரும் இல்ல. போலீஸ்கிட்டக் கோவப்பட்டா அடுத்த தடவ போன் எடுக்க மாட்டாங்க. அவருகிட்ட எவ்ளோ கத்துனாலும் ஞாயித்துக்கெழம கதவு தொறந்துதான் இருக்கு. அதுக்குத்தான் வர்றேன். அவரும் பெத்த பிள்ளயக் ஈட்டிக்கும் ஆணிக்கும் குடுத்தவருதான, கொஞ்சமாச்சும் புரியாதா?”

முதலாளி அம்மா உள்ளே எட்டிப் பார்த்தாள். நான் கிளம்பினேன். வெளியே கூட்டம் இடித்தது, பாட்டு இடித்தது. எனக்குச் சின்ன வயதிலிருந்து விசுவாசம் உண்டு என்று நினைத்திருந்தேன். அது இதுவரை ஒரு தடவைகூட வெயிலில் நின்றதில்லை என்று தோன்றியது.

சோதனை முடிவு அக்டோபர் முப்பதாம் தேதி வந்தது, வியாழக்கிழமை. மத்தியானம் போன்.

“அது அவன் இல்லண்ணே.”

“நல்லதாப் போச்சு,” என்றேன். உடனே அது சரியான பேச்சா என்று பயமாகிவிட்டது.

அந்தப் பக்கம் சத்தம் வந்தது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை, இரண்டும்தான் என்று நினைக்கிறேன். நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு வீட்டு வாசலில் நின்றேன். வெகு நேரம் கழித்து, மூக்கை உறிஞ்சிவிட்டுக் கேட்டாள். “அப்ப அது யாரு அண்ணே?”

“யாரு?”

“அந்தப் பிள்ள. சலேஹாகிட்டக் கேட்டேன். யாரு கூடயும் ஒத்துப்போவலயாம். யாரும் தேடி வரலன்னா அவங்களே எங்கியாச்சும் பொதைச்சிடுவாங்களாம்.”

எனக்கு அதில் அக்கறை இல்லை. ஆல்வினுடையது இல்லை என்றானபின் அந்த எலும்பு யாருடையதாக இருந்தால் எனக்கு என்ன? போய்ச் சாப்பிட்டுப் படு என்று சொல்லிப் போனை வைத்தேன்.

அந்த ஞாயிறு நவம்பர் இரண்டு. கல்லறைத் திருநாள் இந்த வருடம் ஞாயிற்றுக்கிழமையிலேயே வந்தது. அன்று எங்கள் கோயிலில் ஊதா மட்டும்தான். மஞ்சள் படிப்பதில்லை, மேசையிலும் வைப்பதில்லை. நான் மட்டும் ஏனோ கட்டைக் கொண்டுவந்து ஓரத்தில் வைத்திருந்தேன்.

நவமணி சீக்கிரமே வந்தாள். வெள்ளைச் சேலை, தலையில் ஒரு முழம் மல்லிகை. இரண்டு ஊதா எடுத்தாள், ஒரு மஞ்சள் எடுத்தாள். நின்றபடியே மூன்றும் எழுதிப் பெட்டியில் போட்டாள்.

“இன்னிக்கி மஞ்சள் படிக்க மாட்டோம் நவமணி.”

“தெரியும்ண்ணே. பெட்டியிலயாச்சும் கெடக்கட்டும்.”

அவள் உள்ளே போனதும் பெட்டியைத் திறந்தேன். இந்தத் தடவை கண்ணாடி மூக்கில் இருந்தது. ஒரு ஊதாவில் சவரிநாதன். மஞ்சளில் ஆல்வின் சவரிநாதன். இரண்டாவது ஊதாவில் இப்படி எழுதியிருந்தாள்: ‘பெயர் தெரியாது. சதுப்புக் காட்டில் கிடைத்த மகன்.’

சீட்டோடு அவள் பெஞ்சுக்கே போனேன். “இது என்ன?”

“அந்தப் பிள்ளைக்கு.”

“நமக்கு அவன் யாருன்னே தெரியாதே. எந்த மதமோ, எந்த ஊரோ.”

“அண்ணே, அவனுக்கும் ஒரு அம்மா இருப்பாங்கள்ல. எங்கியோ அவங்க இன்னும் மஞ்சள்லதான் எழுதிட்டிருப்பாங்க. அவங்களால ஊதா எழுத முடியாது. எனக்குத் தெரியும், என்னாலயும் முடியல. யாராச்சும் ஒருத்தவங்க அவனுக்காக எழுந்து நிக்கணுமில்லையா?” கொஞ்சம் நிறுத்தினாள். “என் மகனும் எங்கியாச்சும் மண்ணுல கெடந்தா, யாராச்சும் ஒரு அம்மா நிப்பாங்க. ஆண்டவரு அதப் பாத்துக்குவாரு. அந்த வேலய அவருகிட்ட வுட்டுட்டேன். நான் மஞ்சள் எழுதுறேன்.”

தண்ணீர் குடித்துவிட்டுப் பீடத்துப் பக்கம் ஏறினேன்.

அன்று நூற்றுப் பன்னிரண்டு பெயர்கள். சவரிநாதன் பெயருக்கு நவமணி எழுந்தாள், அடுத்த வீட்டுப் பெயர் வந்ததும் உட்கார்ந்தாள். அந்த இரண்டாவது ஊதாவைக் கட்டின் அடியில் வைத்திருந்தேன். எல்லாம் முடிந்தபின் அதை எடுத்தேன்.

“பெயர் தெரியாத ஒரு மகன். சதுப்புக் காட்டில் கிடைத்தவன்.”

கோயில் முழுக்கத் தலைகள் திரும்பின. யார் வீடு, யார் எழுந்திருக்கப் போகிறார்கள் என்று எல்லாரும் தேடினார்கள். நவமணி எழுந்து நின்றாள். தன் பிள்ளைக்கு ஒரு நாளும் நிற்காதவள், முகம் தெரியாத யாருடைய பிள்ளைக்கோ தனியாக நின்றாள். கைப்பையைப் பெஞ்சில் வைத்துவிட்டு இரண்டு கையையும் கூப்பியிருந்தாள்.

நான் அத்தோடு இறங்கியிருக்க வேண்டும். ஃபாதர் மணியைப் பார்க்கிறார். ஜூனில் நான் ஒரு மஞ்சளை ஊதாவில் படித்தவன். சட்டைப் பையில் கை விட்டு அந்த மஞ்சளை எடுத்தேன், ஜெட்டி வரைக்கும் கேட்கிற குரலில் படித்தேன்.

“உயிரோடு இருப்பவர்களுக்காக. ஆல்வின் சவரிநாதன்.”

ஃபாதர் இருமினார். நவமணி என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு, மஞ்சளுக்கு யாரும் நிற்க வேண்டியதில்லை என்பதால், உட்கார்ந்தாள்.